டாக்டர் தம்பிக்கு ஒரு டம்ளர் தேநீர்

ஷென் குவாங்ஃபாவுக்கு அன்று காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. ஹாங்சூ நகரத்தில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். உட்கார்ந்தே வேலை பார்த்த மனிதருக்கு ஓய்வு பெற்ற பிறகு நாற்காலி என்றாலே ஆகவில்லை. நடந்துகொண்டே சாப்பிடுவார், நின்றுகொண்டே செய்தி பார்ப்பார். அன்றைக்கு அது இன்னும் முற்றிப்போயிருந்தது. மகள் ரூலின் ஷாங்காயிலிருந்து தன் காதலனை முதல்முறையாக வீட்டுக்கு அழைத்து வருகிறாள்.

விடிவதற்கு முன்பே பிளாஸ்டிக் கேன்களைத் தூக்கிக்கொண்டு ஹூபாவ் மலையடிவாரத்துக்குப் போய், வரிசையில் நின்று ஊற்றுத் தண்ணீர் பிடித்து வந்தார். லோங்ஜிங் தேயிலை, மலைக்கிராமத்து ஒன்றுவிட்ட தம்பி கொடுத்தது. முன்னோர் சமாதியைச் சுத்தம் செய்யும் சிங்மிங் நாளுக்கு முன்னால் பறித்த முதல் கொழுந்து. வாணலியில் வறுத்த சூடு அடங்கட்டும் என்று சுண்ணாம்புக்கல் போட்ட ஜாடிக்குள் வைத்திருந்தார். இன்னும் சில நாள் கிடந்தால் நன்றாக இருக்கும். ஆனால் மகள் சிங்மிங் விடுமுறைக்கு வருகிறேன் என்றாளே, அவளிடம் சுண்ணாம்புக்கல்லைக் காரணம் காட்ட முடியுமா?

பதம் பார்க்கிறேன் என்று ஒரு டம்ளர் போட்டுக் குடித்தார். தண்ணீர் சூடு அதிகமோ என்று இன்னொன்று. இலை குறைவோ என்று மற்றொன்று. சமையலறையில் மூங்கில் குருத்தை உரித்துக்கொண்டிருந்த மனைவி பெய்ஃபென் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு டம்ளர் குடிச்சீங்கன்னா வயித்துக்குள்ள நம்ம ஊர் மேற்கு ஏரியே வந்துடும். நம்ம வீட்டுலயே படகு விடலாம்."

"உனக்கென்ன தெரியும்? வர்றது டாக்டர். நாக்கு சுத்தமா இருக்கும். கசந்துச்சுன்னா கண்டுபிடிச்சிடுவார்."

"டாக்டருக்கு நாக்கு தனியாவா செஞ்சு வச்சிருக்கு?"

டாக்டர் என்ற சொல் அந்தக் குடியிருப்பு முழுவதும் பரவி நாளாகியிருந்தது. 'ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார்' என்று ரூலின் ஒருமுறை ஃபோனில் சொன்னாள். ஷென் அன்று மாலையே கீழே சதுரங்கம் ஆடும் கூட்டத்தில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதே அங்கே ஒரு செய்தி. "என் பொண்ணுக்கு ஒரு டாக்டர் கிடைச்சிருக்கான். வயித்தைக் கிழிச்சுத் தைக்கிற டாக்டர்" என்றார். மறுநாள் மீன்காரிக்கும் தெரிந்துவிட்டது.

அழைப்புமணி அடித்தது. ஷென் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

வாசலில் உயரமான, ஒல்லியான ஓர் இளைஞன் நின்றிருந்தான். இரண்டு கைகளிலும் பைகள். நெற்றியில் வியர்வை. அவனுக்குப் பின்னால் படிக்கட்டு காலியாக இருந்தது.

"வணக்கம் மாமா. நான் லியாங் செங்."

ஷென் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "வா தம்பி, வா. ரூலின் எங்கே? கீழ பெட்டியைத் தூக்கிட்டு வர்றாளா?"

"அவ... அடுத்த ரயில்ல வருவா. வழியில ஜியாஷிங்ல இறங்கிட்டா."

"ஜியாஷிங்லயா? அங்க எதுக்கு?"

லியாங் பைகளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "ஜோங்ஸி வாங்கணும்னு..."

இலையில் கட்டி அவித்த அந்த அரிசிப் பொட்டலத்துக்கு ஜியாஷிங் பேர்போன ஊர்தான். ஆனால் அதை விற்கும் கடை ஹாங்சூ ரயில் நிலையத்திலேயே இரண்டு இருக்கிறது. ஷென் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பெய்ஃபென் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "உள்ள வாப்பா, வீட்டுச் செருப்பு இந்தா" என்று பேச்சை முடித்து வைத்தாள்.

பைகளில் அவன் சொந்த ஊரான லாஞ்சோவிலிருந்து அம்மா அனுப்பிய உலர்ந்த அல்லிக் கிழங்கும், ஷென்னுக்கு மதுபாட்டிலும் இருந்தன. "இதெல்லாம் எதுக்குப்பா" என்று பெய்ஃபென் வழக்கப்படி சொன்னாள். லியாங் வழக்கப்படி தலையாட்டினான். பெய்ஃபென் சமையலறைக்குள் போய் மகளை ஃபோனில் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

பேச்சைத் தொடங்க ஷென்னுக்குத் தெரிந்த ஒரே வழி தேநீர்தான். கெட்டிலின் பொத்தானை அழுத்தினார். கண்ணாடி டம்ளரை வெந்நீரால் கழுவினார். இலையை எடுத்துப் போட்டார். தட்டையாக, கத்தி முனை மாதிரி இருந்த கொழுந்துகள் அடியில் போய்ச் சிதறின. கொதித்த தண்ணீரை மூடி திறந்து வைத்து ஆவி அடங்கும்வரை விடவேண்டும். எல்லோருக்கும் அவர் சொல்லும் பாடம் அது. ஆனால் ஒரு கண் சுவர்க் கடிகாரத்திலும் ஒரு கண் லியாங்கின் ஃபோனிலும் இருந்தது. அவன் மேசைக்கு அடியில் அதை ஒவ்வொரு நிமிடமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆவி குபுகுபுவென்று வரும்போதே ஷென் கெட்டிலைத் தூக்கிவிட்டார்.

முதலில் இலை நனையும் அளவுக்குக் கொஞ்சம். டம்ளரைச் சுழற்றி அவனிடம் நீட்டினார். "மோந்து பாரு தம்பி. அவரைப் பிஞ்சு வாசம் வரும்."

லியாங் மோந்தான். "நல்லாருக்கு மாமா." அவன் கண் வேறெங்கோ இருந்தது.

கெட்டிலை உயர்த்தியும் தாழ்த்தியும் மீதித் தண்ணீரை ஊற்றினார். இலைகள் எழும்பின, ஒன்றிரண்டு நட்டுக்குத்தலாக நின்றன. ஆனால் பச்சை போய் மஞ்சள் தட்டிவிட்டது. வெந்துவிட்டது என்று ஷென்னுக்குப் புரிந்தது. வாய்க்குள் திட்டிக்கொண்டார்.

லியாங் பக்கத்திலிருந்த சிறிய தட்டை எடுத்து டம்ளரின் மேல் மூடினான்.

"மூடாதே தம்பி!" என்று ஷென் பாய்ந்து எடுத்தார். "மூடினா கீரையாயிடும்."

"மன்னிச்சுக்குங்க மாமா. எங்க ஊர்ல மூடிக் கிண்ணம். பேரீச்சம்பழம், கல்கண்டு எல்லாம் போட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊத்தி மூடி வச்சிடுவோம்."

"கல்கண்டா?" ஷென் கண்ணை மூடித் திறந்தார். "பரவாயில்ல. பரவாயில்ல. டாக்டர்னா சர்க்கரை வேண்டாம்னு சொல்வீங்கன்னு நெனச்சேன்."

லியாங் வாயைத் திறந்தான், மூடினான். டம்ளரைத் தூக்கி ஒரே மடக்கில் பாதியைக் குடித்து, வாய்க்குள் வந்த இலைகளைத் துப்பத் தெரியாமல் மென்று விழுங்கினான். கசப்பில் அவன் முகம் சுருங்கியதை ஷென் பார்த்தார். உடனே ஊற்றினார். அவன் குடித்தான். மறுபடி ஊற்றினார். டம்ளர் காலியாவதும் நிறைவதுமாக இருந்ததே தவிரப் பேச்சு நகரவில்லை. "லாஞ்சோவுல குளிரா?" "இப்ப குறைஞ்சிருக்கு மாமா." ஷென் ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "மஞ்சள் ஆறு ஊருக்குள்ளயே ஓடுதாமே?" "ஆமா மாமா." மறுபடி ஜன்னல்.

இந்த நேரத்தில்தான் கீழ்வீட்டு யாவ் அக்கா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். கையில் பெரிய பழுப்பு உறை.

"இவர்தானா? என்னா ஒசரம்!" என்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஷென், உங்க அதிர்ஷ்டமே அதிர்ஷ்டம். தம்பி, தப்பா எடுத்துக்காதே. இந்த முட்டி மூணு வருஷமா உயிரை வாங்குது. எக்ஸ்ரே எடுத்து வச்சிருக்கேன். ஒரு பார்வை பார்த்துச் சொல்லிடேன்."

படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். அவளுடைய முழங்கால் எலும்பு அறைக்கு நடுவில் வெள்ளையாகத் தொங்கியது. ஷென் பெருமையாகக் கைகட்டி நின்றார். லியாங் எழுந்தான். படத்தைப் பார்க்கவில்லை, ஷென்னைப் பார்த்தான்.

"நான் டாக்டர் இல்லக்கா. நான் நர்ஸ்."

யாவ் அக்கா சிரித்தாள். "விளையாடாதே."

"நெஜமாத்தான். ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸா இருக்கேன். இதை எலும்பு டாக்டர்கிட்டதான் காட்டணும். நான் எதுவும் சொல்லக்கூடாது."

"ஆம்பள நர்ஸா?" என்று கேட்டுவிட்டு அவள் ஷென்னைத் திரும்பிப் பார்த்தாள். ஷென் கெட்டிலைச் சாய்த்தபடி நின்றார். தண்ணீர் டம்ளர் விளிம்பைத் தாண்டி மேசையில் ஓடி, தரையில் சொட்டியது. யாரும் அதை நிறுத்தவில்லை. யாவ் அக்கா எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டுக்கொண்டு, "சரி சரி, நான் டாக்டர்கிட்டயே காட்டிக்குறேன்" என்று வந்ததைவிட வேகமாகக் கிளம்பினாள். முட்டி வலி ஒரு படியிலும் அவளைத் தடுத்ததாகத் தெரியவில்லை.

பெய்ஃபென் துணியைக் கொண்டுவந்து மேசையைத் துடைத்தாள்.

"டாக்டர்னுதானே சொன்னா?" ஷென் கெட்டிலைக் கீழே வைத்தார். "என் பொண்ணு என்கிட்ட டாக்டர்னுதானே சொன்னா?"

"தியேட்டர்ல இருக்கார்னுதான் அவ சொன்னா. மீதியைச் சொன்னது நீங்க" என்றாள் பெய்ஃபென்.

"இல்லன்னு அவ சொல்லலியே!"

"அதுதான் மாமா இன்னிக்கு ரயில்ல சண்டை" என்றான் லியாங். அவன் நின்றுகொண்டேதான் இருந்தான். "நீங்க என்னை டாக்டர்னு நெனச்சுட்டு இருக்கீங்கன்னு எனக்கு இன்னிக்குதான் தெரியும். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் எதுவும் சொல்லாதே, கேட்டா தலையாட்டுன்னா. முடியாதுன்னேன். ஜியாஷிங்ல வண்டி நின்னுச்சு. பெட்டியை எடுத்துட்டு இறங்கிட்டா."

"நீ கூட இறங்கலியா?"

"கோவத்துல உக்காந்திருந்தேன். எழுந்துக்கலாம்னு நெனக்கிறதுக்குள்ள கதவு மூடிடுச்சு." அவன் தலையைக் குனிந்தான். "திரும்பிப் போயிடலாம்னுதான் நெனச்சேன். ஆனா நீங்க காத்துட்டு இருப்பீங்களே. ஜோங்ஸின்னு பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க. எனக்குப் பொய் சொல்ல வராது."

"அது தெரிஞ்சுது" என்றாள் பெய்ஃபென்.

ஷென் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறினார். எங்கே என்று மனைவி கேட்டதற்கு, "தெரியல" என்று மட்டும் படிக்கட்டிலிருந்து பதில் வந்தது.

அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. சதுரங்கக்காரர்கள் இருந்த மரத்தடியைத் தவிர்த்துச் சுற்றுவழியில் நடந்தார். ஜியாஷிங்குக்கே போய்விடலாமா என்று நினைத்தார். அங்கே போய் எந்த நடைமேடையில் தேடுவது? கால்கள் பழக்கத்தில் பிரதான சாலைப் பக்கம் போயின. அங்கே அவர் ஓட்டிய வழித்தடத்து பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் அவரைக் கண்டு ஹாரன் அடித்தான். இவர் கையசைக்கவில்லை. பஸ் நகர்ந்ததும் நிறுத்தத்து பெஞ்சில் பெட்டியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு ரூலின் உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப வந்தே?"

"கொஞ்ச நேரமாச்சு. அடுத்த ரயில்லயே வந்துட்டேன்."

"அப்புறம் ஏன் இங்க?"

"மேல வர கால் வரல." அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் கசப்பு மருந்து தடவியும் போகாத பழக்கம். "சொல்லிட்டானா?"

"சொல்லிட்டான். யாவ் அக்கா முன்னாடி."

ரூலின் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள்.

ஷென் அவள் முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "ஏன் என்கிட்ட சொல்லல? பஸ் ஓட்டினவன் நான். நர்ஸுன்னா கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளிடுவேன்னு நெனச்சியா?"

"ஆமா."

அவர் நின்றார்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஃபோன் பண்ணும்போது மொதல் கேள்வி 'டாக்டர் எப்படியிருக்கார்'னுதான் வரும். நான் எப்படியிருக்கேன்னு அப்புறம்தான். அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்கப்பா. இந்த வாரம் சொல்லிடலாம், அடுத்த வாரம் சொல்லிடலாம்னு தள்ளிட்டே போனேன்."

இல்லையம்மா, நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்ல ஷென் வாயெடுத்தார். ஆனால் நர்ஸ் என்று முதலிலேயே கேட்டிருந்தால் சதுரங்கக் கூட்டத்தில் போய் உட்கார்ந்திருப்பாரா? மாட்டார். அது அவருக்குத் தெரியும். இப்போதும்கூட அந்தச் சொல் தொண்டையில் இலைத்துணுக்கு மாதிரி ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "வா. அவன் கிளம்பிடப் போறான்."

கிளம்பியேவிட்டான். குடியிருப்பு வாசலில் லியாங் வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கரண்டியும் கையுமாகப் பெய்ஃபென். "எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டேங்குறான்" என்று மூச்சு வாங்கினாள். மேலே மாடங்களில் துணி எடுக்கிற சாக்கில் தலைகள் முளைத்தன.

ரூலினும் லியாங்கும் எதிரெதிரே நின்றார்கள்.

"உனக்கு என்னைப் பார்த்தா வெக்கமா இருக்கா?" என்று கேட்டான் அவன். சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"காலைல இருந்துச்சு" என்றாள் அவள். "பொய் சொல்ல மாட்டேன். இப்ப என்னைப் பார்த்தாத்தான் வெக்கமா இருக்கு."

"எங்க அம்மாகிட்ட நீ அக்கவுண்ட்ஸ் ஆபீஸ்ல வேலை பாக்குறேன்னுதான் சொன்னேன். மந்திரின்னு சொல்லல."

"தெரியும்."

"தெரிஞ்சும் செஞ்சே."

ஷென் இரண்டடி தள்ளி நின்று செடிகளைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். அப்போது இரண்டாம் மாடியிலிருந்து சதுரங்கக் கூட்டத்து ஆள் ஒருவர் குரல் கொடுத்தார். அவருக்கு இன்னும் சேதி போகவில்லை போலும். "ஷென் அண்ணே! டாக்டர் மாப்பிள்ளை அதுக்குள்ள கிளம்பிட்டாரா?"

"நர்ஸுய்யா!" ஷென் கத்தினார். "நர்ஸு! உங்களுக்கெல்லாம் எத்தனை தடவை சொல்றது!"

ஒரு தடவையும் அவர் சொன்னதில்லை. இரண்டாம் மாடி வாயடைத்தது. யாவ் அக்காவின் ஜன்னல் மெல்லச் சாத்திக்கொண்டது. லியாங்குக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாது என்று உதட்டைக் கடித்தும் மூக்கு வழியாக வந்துவிட்டது. ரூலின் சிரிக்கவில்லை, அழுதாள்.

"சூப்பு ஆறுது" என்றாள் பெய்ஃபென், கரண்டியை ஆட்டி. "சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க. வயித்துல ஒண்ணுமில்லாம டீயா குடிச்சிருக்கான் அந்தப் பையன்."

நால்வரும் மேலே போனார்கள். உப்பிட்ட பன்றி இறைச்சியும் மூங்கில் குருத்தும் போட்ட சூப்பைக் குடித்தார்கள். லியாங் இரண்டு கிண்ணம் குடித்தான். ரூலினிடம் உப்பைக்கூடக் கேட்கவில்லை, எட்டி எடுத்துக்கொண்டான். இருவரும் விடுமுறை முழுக்கத் தங்குவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அவன் சாயங்கால ரயிலுக்கே போகிறேன் என்றான். யாரும் வற்புறுத்தவில்லை. ஷென் பஸ் நிறுத்தம்வரை கூட நடந்தார். வழியில் ஒரு பொட்டலம் இலையை அவன் பைக்குள் திணித்தார்.

"கோவமா தம்பி?"

"இருக்கு மாமா. உங்க மேல இல்ல."

"என் மேலயும் கொஞ்சம் வச்சுக்கோ. அவளே எல்லாத்தையும் சுமக்க வேண்டாம்."

லியாங் ஏதோ சொல்ல வந்தான். பஸ் வந்துவிட்டது.

ரூலின் மறுநாள் தாத்தாவின் சமாதியைச் சுத்தம் செய்ய அப்பா அம்மாவோடு போனாள். புல்லைப் பிடுங்கினாள், ஊதுபத்தி ஏற்றினாள். அதற்கடுத்த நாள் ஷாங்காய்க்குத் திரும்பினாள். ஃபோனில் கேட்டால், "வேலை ஜாஸ்திப்பா" என்பாள். லியாங்கைப் பற்றிக் கேட்கப் பெய்ஃபென் விடவில்லை. "தானா சொல்வா. நோண்டாதீங்க" என்றாள். ஷென் நோண்டவில்லை. அதற்குப் பதிலாக வீட்டுக்குள் நடந்தார். தேநீர் போட்டு, குடிக்க மறந்து, ஆறிய டம்ளர்களை ஜன்னலோரம், ஷூ அலமாரி மேல், குளியலறையில் என்று விட்டுவைத்தார். பெய்ஃபென் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். கீழே சதுரங்கத்துக்குப் போனபோது யாராவது கேட்பார்கள் என்று பதில் தயார் செய்துகொண்டு போனார். யாரும் கேட்கவில்லை. அவராகவே, "என் பொண்ணு பழகுற பையன் நர்ஸ். தியேட்டர்ல" என்றார். "உன் யானையைக் காப்பாத்திக்கோ அண்ணே, வெட்டப் போறேன்" என்றார் எதிரே இருந்தவர்.

விடுமுறை கழிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபோன் அடித்தது. மகளாக இருக்கும் என்று எடுத்தார். லியாங்.

"மாமா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. நீங்க குடுத்த இலையைப் போட்டேன். விஷமா கசக்குது."

ஷென் எழுந்து நின்றார். ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார், இன்னும் நிமிர்ந்தார். "எவ்வளவு இலை போட்டே?"

"ஒரு பிடி."

"பிடியா? ஐயோ தம்பி, அது மாட்டுக்குப் போடுற அளவு! டம்ளர் அடி மறைஞ்சா போதும். எடுத்துப் பாதியை வெளிய போடு. நனைஞ்சிருந்தாலும் பரவாயில்ல."

"சரி மாமா." அந்தப் பக்கம் கரண்டி கண்ணாடியில் இடிக்கும் சத்தம் கேட்டது. "தண்ணி?"

"இப்ப ஊத்தினதைக் கொட்டிட்டுப் புதுசா ஊத்து. முழுசா ஊத்தாதே. கொஞ்சம் ஊத்தி, இலை எப்படி விரியுதுன்னு பார்த்துட்டு அப்புறம்..."

அவர் கேட்க நினைத்தது வேறு. நீ தனியாக இருக்கிறாயா, அவள் பேசினாளா, இந்த டம்ளர் யாருக்கு. கேள்வி நாக்கு நுனிவரை வந்து நின்றது. பெய்ஃபென் எதிரே நின்று விரலை ஆட்டி எச்சரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஃபோனுக்குள், சற்றுத் தொலைவிலிருந்து, ஒரு பெண் குரல்.

"எங்க அப்பாவையா கூப்பிட்டே? செத்தே நீ. சாயங்காலம் வரைக்கும் விட மாட்டார்."

ஷென் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "அங்கதான் இருக்கா!" என்று வாயசைத்தார். பெய்ஃபென் சுவரில் சாய்ந்து ஏப்ரனால் கண்ணைத் துடைத்தாள்.

"மாமா? இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன். விரிஞ்சுதா?"

"ஒண்ணு ரெண்டு."

"அப்ப அவளுக்கும் ஒரு டம்ளர் எடு" என்றார் ஷென். ஃபோனின் வயர் எட்டிய மட்டும் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே, தண்ணீரை எந்த உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்.